ரேடியோவுக்கு இரண்டு வாய்

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அவளுடைய அப்பாதான். மருந்துக்கடையில் நாள் முழுக்க ஊராருடைய இருமலையும் புலம்பலையும் கேட்டுக் காது புளித்துப்போய் வீட்டுக்கு வருகிற மனிதர். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் அன்றைய செய்திகளை ஆரம்பித்துவிடுவாள். வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள், எதிர்வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது, அதில் எந்தக் குட்டிக்கு அவள் அப்பாவின் முகஜாடை என்பது வரைக்கும் வரும். "இந்த ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்தேன்" என்று அவர் மனைவியிடம் கெஞ்சுவார். அந்த அம்மாள் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே, நிறுத்துகிற பொத்தான் வைக்காமல்தான் இது பிறந்தது என்று சொல்லிவிடுவார். மகளுக்கு இருபத்தெட்டு வயதாகியும் அந்தப் பொத்தானை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அட, அதுவாவது பரவாயில்லை. பேசுவதற்குச் சம்பளம் வேறு கொடுக்க ஆரம்பித்தார்கள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு மின்விசிறி, காலையிலிருந்து மாலை வரை எந்த வண்டி எந்த நடைமேடை என்று பேசிக்கொண்டே இருக்கலாம். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். மளிகைக் கடையில் அவள் அரைக் கிலோ சர்க்கரை கேட்டால், பக்கத்தில் நிற்பவர் சட்டென்று தன் மூட்டையைத் தூக்கிக்கொள்வார்.

ஒரு நாள் மத்தியானம், இரண்டாம் நடைமேடைக்கு வரவேண்டிய வண்டி ஏழாம் நடைமேடைக்கு மாறியது. அவள் அறிவித்தாள். கூட்டம் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியது. ஒரே ஒருவர் மட்டும், பெட்டியில் போட்ட மின்விசிறி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டாம் நடைமேடையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். இன்னொரு முறை சொன்னாள். மூன்றாம் முறையும் சொன்னாள். "அந்த ஃபேன்காரருக்குக் காது என்ன அடைச்சுப்போச்சா?" என்று முணுமுணுத்தது மைக் வழியாக நிலையம் முழுக்கக் கேட்டது. வண்டி போய்விட்டது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கண்ணாடி அறையை விட்டு வெளியே ஓடினாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார், காதைத் தொட்டார், கையை விரித்து ஆட்டினார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. இத்தனை வருஷம் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தியும், கண்ணெதிரே இருக்கிற ஒரு மனிதருக்குத் தான் போய்ச் சேரவில்லை என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் மேலாளர் முறைக்க முறைக்க அவரோடு உட்கார்ந்து காகிதத்தில் எழுதி எழுதிப் பேசினாள். கிளம்பும்போது அவர் ஒரு முகவரியை எழுதிக் கொடுத்தார். காது கேளாதவர்களும் வாய் பேச வராதவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிற மன்றம் அது.

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள், எல்லோர் கையும் எல்லோருக்கும் தெரிய வேண்டுமே. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள், இல்லாவிட்டால் மரத்தரையில் காலால் தட்டினார்கள். முதல் நாளே ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. வாய் நிறைய பிஸ்கட் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். மூடின ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரோடு பேசுகிறார்கள். பஸ் கிளம்பிய பிறகும் பின் கண்ணாடி வழியாக மிச்சக் கதையை முடிக்கிறார்கள். இவ்வளவு வசதி இருக்கும்போது, இந்த ஒற்றை வாயை வைத்துக்கொண்டா இத்தனை காலத்தை ஓட்டினோம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கற்றுக்கொண்டாள். மாங்கு மாங்கென்று கற்றுக்கொண்டாள். வாராவாரம் படித்துக்கொண்டு வந்ததை வீட்டில் ஒப்பிக்க ஆள் வேண்டுமே, அம்மாதான் கிடைத்தார். சமையலறையில் அம்மா காய் நறுக்குவார், எதிரே முக்காலியில் உட்கார்ந்து இவள் கையை ஆட்டுவாள், வாயாலும் கூடவே அர்த்தம் சொல்லுவாள். "ம்ம், சரிடி, சரி" என்பார் அம்மா. அவர் கண் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இரண்டு வருஷத்தில் மன்றம் அவளைத் தொண்டராகச் சேர்த்துக்கொண்டது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், வக்கீல் ஆபீஸ் என்று யாருக்குத் துணை வேண்டுமோ அவரோடு போய் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்க்க வேண்டும். அதற்கு நாலு விதிகளைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். சொன்னதை எல்லாம் சொல். சொல்லாததைச் சொல்லாதே. அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல். சொந்த வீட்டுக் காரியத்துக்குக் கை நீட்டாதே.

மூன்றாவது விதிதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. பல் வைத்தியரிடம் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய், "எனக்கு வலது பக்கம் கடைசிப் பல் வலிக்குது" என்று அவர் சார்பில் கணீரென்று சொன்னாள். வைத்தியர் அவளையே நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கையும் போட்டுவிட்டார். திறந்த வாயோடு விளக்கம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பல்வலி பாதி குறைந்துபோனது. கைமொழியில் ஆளுக்கு ஒரு செல்லப்பெயர் வைப்பது மன்றத்தின் வழக்கம். வீட்டில் தன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அவளே உளறிவைக்க, கன்னத்துக்குப் பக்கத்தில் விரலால் ரேடியோவின் திருகாணியைத் திருகுவது போல் காட்டுவது அவள் பெயராகிவிட்டது.

அந்தத் திருகாணியை எல்லோரையும்விட அழகாகத் திருகியவர் தச்சர்.

மன்றத்தின் கதவு இழுத்து மூட வராமல் அடம்பிடித்தபோது அதைச் சரிசெய்ய வந்தவர், பிறகு வாராவாரம் வந்தார். பிறவியிலேயே காது கேளாதவர். சொந்தப் பட்டறை. இழைக்கிற இயந்திரத்தின் மேடையில் உள்ளங்கையை வைத்தாலே பிளேடு மழுங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவார், காது கேட்கிற ஆட்களுக்கு அது தெரிய இன்னும் இரண்டு நாள் ஆகும். ரேடியோவைப் பார்த்து அவர் முதன்முதலாகச் சொன்னது, உன் கை ரொம்பச் சத்தம் போடுகிறது, கொஞ்சம் மெதுவாகப் பேசு என்பதுதான். வாழ்க்கை முழுக்க வாய்க்குக் கிடைத்த திட்டு கைக்கும் கிடைத்ததில் அவள் சொக்கிப்போனாள். ரம்பம் பிடிக்கிறவருக்கும் ரம்பம் போடுகிறவளுக்கும் பொருத்தம் அமோகம் என்று மன்றமே கேலி பேசியது. ஒன்றரை வருஷம் ஓடியது. கல்யாணம் செய்துகொள்வது என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். யார் முதலில் கேட்டது என்பதில் மட்டும் இன்றுவரை தகராறு.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. கத்தவில்லை, சாப்பிடாமல் எழுந்திருக்கவில்லை, வெறுமனே பேசாமல் இருந்தார். அதுதான் அவளைக் கொன்றது. அப்பாவின் சம்மதம் இல்லாமல் போய்ச் சந்தோஷமாக இருக்க அவளுக்குத் தெரியாது. கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வரட்டும், அரை மணி நேரம் பேசிப் பார்க்கிறேன். பிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் இந்தப் பேச்சை நீ மறுபடி எடுக்கக் கூடாது. அவள் சத்தியம் செய்து கொடுத்தாள். எழுதிக் காட்டிப் பேசலாமே என்றதற்கு மாட்டேன் என்றுவிட்டார். தினம் ஐந்நூறு மருந்துச் சீட்டு படிக்கிறேன், மாப்பிள்ளையையும் சீட்டில் படிக்க முடியாது, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார்.

நாலாவது விதி இருக்கிறதே. அதனால் மன்றத்தின் இன்னொரு தொண்டர், ஒரு வங்கி குமாஸ்தா, மொழிபெயர்க்க வருவதாக ஏற்பாடு. பத்து மணிக்குச் சந்திப்பு. ஒன்பதரைக்கு மன்றத் தலைவி போன் செய்தார். மன்றத்துப் பெண் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது, குமாஸ்தா அவளோடு மருத்துவமனைக்கு ஓடிவிட்டார், வேறு ஆளும் இல்லை.

"நீயே பண்ணிடு. நாலாவது விதிக்கு இன்னிக்கு லீவு. மத்த மூணுக்கும் லீவு கிடையாது, ஞாபகம் வெச்சுக்கோ" என்றார் தலைவி.

தச்சர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பழக்க தோஷத்தில் பாக்கெட்டில் மடக்கு அளவுகோல் துருத்திக்கொண்டிருந்தது. வாசல் தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். அவருக்கு எதிரே அப்பா, அப்பாவுக்குப் பக்கத்திலேயே ரேடியோ, அப்போதுதான் பேசுகிறவர் முகமும் மொழிபெயர்க்கிற கையும் ஒரே பார்வையில் விழும். டீயோடு வந்த அம்மா கதவோரம் நின்றுகொண்டார். டீப்பாய்மேல் டம்ளரை வைத்ததும் அது ஒரு பக்கம் ஆடியது. தச்சர் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் குனிந்து, பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நாலாக மடித்து, குட்டைக் காலுக்கு அடியில் சொருகினார். ஏழு வருஷமாக ஆடிக்கொண்டிருந்த டீப்பாய் அது. அப்பா அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்.

பிறகு தச்சர் நிமிர்ந்து கையை அசைத்தார். ரேடியோ தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பேருந்து நிலையக் குரலில் அறிவித்தாள்.

"வணக்கம். நான் உங்க பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறேன்."

அப்பா திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார். தீப்பெட்டி கேட்க வந்த மாடி வீட்டு அக்கா வாசற்படியிலேயே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். தீப்பெட்டி கிடைத்த பிறகும் அவள் போகவில்லை.

முதல் கால் மணி நேரம் நன்றாகவே போனது. பட்டறை, படிப்பு, கூடப் பிறந்தவர்கள் எல்லாம் விசாரித்தார் அப்பா. பிறகு, இவள் ஓயாமல் பேசுவாளே, அது பையனுக்குத் தெரியுமா என்று கேட்டார். சொன்னதை எல்லாம் சொல் என்பது விதி. தன்னைப் பற்றிய புகாரைத் தன் கையாலேயே முழுசாகச் சொன்னாள் ரேடியோ. வந்த பதிலையும் முழுசாகச் சொன்னாள்.

"தெரியும். கையாலயும் இதே அளவு பேசறா. ரொம்பக் களைச்சுப்போனா நான் கண்ணை மூடிக்குவேன்."

அப்பாவின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்ததும் ரேடியோவுக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்று இருந்தது. இன்னும் பத்து நிமிஷம், தாண்டிவிட்டால் போதும்.

அப்போதுதான் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அவர் மனசில் கிடந்தது வெளியே வந்தது. மருந்துக்கடைக்காரர் அவர். கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரே என்று எத்தனை வீட்டார் கவுண்டரில் வந்து அழுததைப் பார்த்தவர். அந்தப் பயம் அவர் வாயில் கோபமாகத்தான் வந்தது.

"நடுராத்திரி என் பொண்ணுக்கு நெஞ்சு வலிச்சு அவ கூப்பிட்டா இவனுக்குக் கேக்குமா? செவிட்டுப் பய, பக்கத்துலயே படுத்திருந்தாலும் இவ செத்தது காலையிலதானே தெரியும்?"

ரேடியோவின் கை எழுந்தது. அந்த வார்த்தையை, தன் கையால், தச்சரின் முகத்தைப் பார்த்துச் சொல்வதா? சின்ன வயசிலிருந்து தெருவில் ஊரார் அவர் முதுகுக்குப் பின்னால் எறிந்த வார்த்தை அது. அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு, என் பெண்ணை நன்றாகப் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டது.

தச்சரின் முகம் மலர்ந்தது. பல் தெரியச் சிரித்தார். ரொம்ப நன்றாகப் பார்த்துக்கொள்வேன், நீங்கள் கவலையே படாதீர்கள் என்றார். ரேடியோ அதைக் குரலாக்கினாள்.

அப்பா எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. நான் சாவைப் பற்றிக் கேட்கிறேன், இவன் பல்லைக் காட்டுகிறான் என்றார். இவனுக்கு விளையாட்டாக இருக்கிறது, போதும், அனுப்பிவிடு, நீ கொடுத்த சத்தியம் ஞாபகம் இருக்கட்டும் என்றார். தச்சர் ஒருவர் முகத்திலிருந்து ஒருவர் முகமாகப் பார்த்தார். எதில் தவறினோம் என்று அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க வேண்டியவள் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உக்காருங்க" என்றார் கதவோரம் நின்ற அம்மா. "நீங்க கேட்டது அவருக்குப் போகவே இல்ல. இவ வேற எதையோ கேட்டா, அவர் அதுக்குப் பதில் சொன்னாரு."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். மாடி வீட்டு அக்காகூடப் பார்த்தாள்.

"நாலு வருஷமா என் மூஞ்சிக்கு நேரா ஆட்டறா" என்றார் அம்மா. "பாலையே பாத்துக்கிட்டு இருந்தேன்னு நெனச்சீங்களா?"

ரேடியோ ஒப்புக்கொண்டாள். வாயால் அப்பாவிடமும் கையால் தச்சரிடமும் ஒரே நேரத்தில், நான் ஏமாற்றிவிட்டேன் என்றாள். தச்சரின் சிரிப்பு போய்விட்டது. அவருக்கு அவள் அப்பாவின் மேல் வராத கோபம் அவள்மேல் வந்தது. ஊரில் எல்லோரும் எனக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று அவர்களாகவே முடிவு செய்கிறார்கள், நீயுமா, என்று கேட்டார். உன் அப்பா என்ன சொன்னாரோ அதை முழுசாகச் சொல், ஒரு வார்த்தைகூட விடாமல் சொல் என்றார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, சொன்னாள். செவிட்டுப் பய என்பதையும் சொன்னாள், சாவதையும் சொன்னாள்.

தச்சர் நாற்காலியின் நுனிக்கு வந்து அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு பேசினார். ரேடியோ ஒரு எழுத்தைக்கூட விடாமல் அப்பாவிடம் கொடுத்தாள்.

"கேக்காது. அவ கூப்பிட்டா எனக்குக் கேக்காது. அதனால ஒரு கட்டில் செஞ்சு வெச்சிருக்கேன். குறுக்கே இணைப்பே இல்லாத ஒரே பலகை. அவ ஒத்த விரலால தட்டினாலும் என் முதுகுக்குத் தெரியும். அவ தலைமாட்டுல ஒரு சுவிட்ச், அமுக்கினா என் மூஞ்சிக்கு நேரா விளக்கு எரியும். பட்டறையில மூணு மாசமா நானே படுத்துப் பாத்திருக்கேன்."

அப்பா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். தச்சர் இன்னும் முடிக்கவில்லை.

"இன்னொண்ணு. எனக்குக் கேக்கலைன்னா நிஜமாவே கேக்கலைன்னு அர்த்தம். நல்லா கேட்டுட்டு, கேக்காத மாதிரி திரும்பிப் படுத்துக்க எனக்குத் தெரியாது."

முதலில் அம்மாதான் சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை, முந்தானையை வாயில் அழுத்தியும் அடங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழாயை மூடினீங்களா என்று முப்பது வருஷமாகத் தான் கேட்டதையும், கடைக் கதவை யாரோ தட்டுகிறார்கள் என்று எழுப்பியதையும், ரேடியோவுக்கு நாலு வயதில் காய்ச்சல் கொதித்தபோது தோளைப் பிடித்து உலுக்கியதையும், அப்போதெல்லாம் இந்த மனிதர் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்த அழகையும் வரிசையாகச் சொன்னார். "உங்களுக்குத்தான் காது பாம்புக் காதாச்சே" என்றார். எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான் என்று மாடி வீட்டு அக்கா வாசற்படியிலிருந்து சாட்சி சொன்னாள். ரேடியோ இத்தனையையும் விட்டுவிடாமல் கையால் சொல்லிக்கொண்டே வந்தாள். தச்சர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் டீப்பாயைப் பார்த்தார்.

அன்னைக்கு ஏதோ அலுப்பு, என்று அப்பா ஆரம்பித்தார். அது எடுபடவில்லை. உட்கார்ந்தார். டம்ளரை எடுத்தார், வைத்தார். டீப்பாய் ஆடவில்லை என்பதை இப்போது கவனித்தார். விரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். அப்படியும் ஆடவில்லை.

"அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார் மெதுவாக. "பயத்துல வந்துடுச்சு. அதையும் சொல்லு. என் பொண்ணை உனக்குக் குடுக்கறேன்னு சொல்லு. நல்லா இருங்க."

ரேடியோ கையைத் தூக்கினாள். கை எழுந்து நின்றதே தவிர அசையவில்லை. வாயைத் திறந்தாள், அதுவும் வேலை செய்யவில்லை. கண்ணீர் மட்டும் தாடை வரை வழிந்து சொட்டியது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த வீட்டில் ரேடியோ நின்றுபோயிருந்தது, அதுவும் இரண்டு வாயும் ஒரே சமயத்தில்.

அம்மா கதவை விட்டு நகர்ந்து வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தச்சருக்கு எதிரே நின்றார். தப்பும் தவறுமாக, அகராதியில் தேடுகிறவர் மாதிரி ஒவ்வொரு சொல்லாகக் காட்டினார். நான். மன்னிப்பு. நான். என் பெண். உனக்கு. சந்தோஷம். மூன்றாவது விதிப்படி அந்த 'நான்' அப்பாவுடையது. ஆனால் அம்மா அதைக் காட்டியபோது விரலைத் தன் நெஞ்சில் அழுத்தி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்கு, பாதியாவது அவருடைய சொந்தச் சரக்கு என்று தெரிந்திருக்கும்.

தச்சர் எழுந்து இரண்டு பேரையும் கும்பிட்டார். சந்தோஷம் தாங்காமல் காலால் தரையைத் தட்டியதில் அலமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது. பிறகு ரேடியோவைப் பார்த்து, கன்னத்துக்குப் பக்கத்தில் அந்தத் திருகாணியை அழகாகத் திருகிவிட்டு, ஏதோ கேட்டார்.

என்னவாம் என்றார் அப்பா.

சொன்னதை எல்லாம் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை. ரேடியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகக் குரலைக் கூட்டிச் சேர்த்தாள்.

"'ரேடியோ ஏன் நின்னுபோச்சு?' அப்படின்னு நான் கேக்கறேன்."

"இருபத்தெட்டு வருஷத்துல இப்பதான் நின்னிருக்கு" என்றார் அப்பா. "கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்னு சொல்லு."

அதையும் அவள் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.